நாற்பத்தொரு நாள் அசையாத எண்ணெய்

அத்தியாயம் 9

மெக்கானிக்கின் மனைவி தன் கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கடத்தி வைத்திருந்தார். படகுக் கிளப்பின் வாசலில் கைப்பையை இடுக்கிக்கொண்டு நின்றவர், அண்ணியும் கொழுந்தனும் காரை விட்டு இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் அதைத்தான் முதலில் சொன்னார்.

"அவரு கண்ணாடி எங்கிட்ட இருக்குங்க. அது இல்லாம அவருக்கு ஒரு எழுத்து தெரியாது, கையெழுத்தும் போட முடியாது. நாலு மணி வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிச்சிருவேன். அதுக்கு மேல நீங்கதான் பாத்துக்கணும்."

கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு இருபது.

"அண்ணி, ஒரு சந்தேகம்," என்றான் தாழ்ந்த குரலில். "நாம இப்போ கடத்தினவங்க பக்கமா, கண்ணாடி பக்கமா?"

"நீ வாயை மூடிக்கிற பக்கம்," என்றார் அண்ணி.

அண்ணி பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உடைந்ததையும் எரிந்ததையும் மூழ்கியதையும் பார்த்துப் பார்த்து, 'தானாகவே போய்விட்டது' என்று யார் சொன்னாலும் நம்பாத நிலைக்கு வந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிவிட்டார். கொழுந்தன் அதற்குள் ஐந்து வேலைகளிலிருந்து அனுப்பப்பட்டிருந்தான். ஐந்திலும் அவன் வேலையில் குறை இல்லை, வாய்தான் காரணம். மனைவியையும் தம்பியையும் காலையில் ஒரே காரில் ஏற்றி அனுப்பிவிட்டு அண்ணன் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார் என்று வீட்டில் பேச்சு.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை, கிளப்பின் தலைவர் தன் வருங்காலச் சம்பந்திகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிக் காட்டப் போனார். நட்ட நடு ஏரியில் வெப்பமானி முள் ஏறியது, ஆவி கிளம்பியது, பின்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வந்து எல்லாம் நின்றுபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மானத்தைத் தவிர. அன்னப்பறவை வடிவத்தில் ஒரு மிதிபடகில் உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்த புதுமணத் தம்பதி ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கரை சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. சம்பந்திகள் வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை தலைவர் "இது சதி" என்று அறிவித்தார். செவ்வாய்க்கிழமை செயலாளர் சதிகாரரைக் கண்டுபிடித்துவிட்டார். படகுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பாட்டில் நிரம்பி இருக்கிறது; படகுக்குப் பின்னால் இருந்து புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவில் எண்ணெய் இல்லை. டிரைவில் கை வைப்பவர் மெக்கானிக் ஒருவர்தான். ஆகவே அவர் வேண்டுமென்றே கீழே திறந்துவிட்டிருக்க வேண்டும், அல்லது நிரப்பவே மறந்திருக்க வேண்டும். முதலாவது என்றால் போலீஸ் புகார். இரண்டாவது என்றால் ஒரு கடிதம். 'டிரைவில் எண்ணெய் நிரப்ப மறந்துவிட்டேன்' என்று டைப் அடித்து ரெடியாக வைத்திருந்தார்கள். இன்று நாலு மணிக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் புகார் கிழிக்கப்படும். வேலையும் போகும், பட்டறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடும் போகும். அப்படி எழுதிக் கொடுத்த மெக்கானிக்கை வேறு எந்தப் படகுத்துறையிலும் பக்கத்தில் விடமாட்டார்கள்.

"போலீசுக்குப் பயந்து கையெழுத்துப் போடறேங்கறாரா?" என்று அண்ணி கேட்டார்.

"பயந்தாக்கூடப் பரவாயில்லையே. மறந்துதான் போயிருப்பேன்னு அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு. நேத்து கடைக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டிட்டு, பூட்டினேனா பூட்டினேனான்னு மூணு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பாத்தாரு. இருபத்தாறு வருஷத்துல ஒரு நட்டை விட்டுட்டு வராத மனுஷன்."  கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பட்டறையில் படகு மரத் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தோல் இருக்கை, பளபளக்கும் கைப்பிடிகள், கோப்பை வைக்க மட்டும் எட்டு இடம். கண்ணாடி இல்லாத மெக்கானிக் வந்தவர்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், நகக்கண்களில் கறுப்பு, சட்டைப் பையில் துடைக்கும் துணி. நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, அது சரியாக நிற்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

"இன்ஜின் படகுக்குள்ள இருக்கு மேடம்," என்று பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். "டிரைவ் இதோ, வெளிய தொங்குது. உள்ள சுத்துறத புரொப்பெல்லருக்குக் கொண்டு வர்ற பல்சக்கரம் எல்லாம் இதுக்குள்ளதான். எப்பவும் ஆயில்ல மிதக்கணும்."

"எங்க வீடும் இதே டிசைன்தான்," என்றான் கொழுந்தன். "இன்ஜின் பேப்பர் படிச்சுக்கிட்டு உள்ள இருக்கு. டிரைவ் வெயில்ல அலையுது."

மெக்கானிக் சிரிக்கவில்லை. அண்ணி குனிந்து டிரைவின் மேல்பகுதியை முகர்ந்து பார்த்தார். பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

"உள்ள இருந்து எவ்வளவு வந்தது?"

மெக்கானிக் ஒரு கண்ணாடிக் குவளையைக் காட்டினார். பால் அதிகமாகப் போன காபி நிறத்தில் ஏதோ இருந்தது, கருகிய வாடையோடு. "ரெண்டரை லிட்டர் இருக்கணும். வந்தது இந்த ஒரு டம்ளர். அதுலயும் பாதி தண்ணி."

"இன்ஜின் கொதிச்சதாலதான் டிரைவ் போச்சுன்னு செயலாளர் எழுதியிருக்காரே?"

"தலைகீழுங்க." தொழில் என்று வந்ததும் அவர் குரலுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. உள்ளங்கை அளவு ரப்பர் சக்கரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இன்ஜினுக்குத் தண்ணி இழுக்கிற பம்பு இந்த மாடல்ல டிரைவுக்குள்ளயே இருக்கு. இது அதோட சக்கரம். தண்ணி வராம காஞ்சு ஓடியிருந்தா இதழ் எல்லாம் ஒரே மாதிரி கிழியும். இது பாருங்க, ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கு. பல்சக்கரம் இருக்கிற பக்கம்."

"அப்போ சூடு இன்ஜின்ல இருந்து வரலை. பல்சக்கரத்துல இருந்து வந்திருக்கு."

"ஆமாங்க. ஆயில் இல்லாம பல்சக்கரம் காய்ஞ்சது, பக்கத்துல இருந்த பம்பு வெந்தது, தண்ணி நின்னதும் இன்ஜின் கொதிச்சது. அதுதான் வரிசை."

"ஆயில் எங்க போச்சு?"

புரொப்பெல்லருக்குப் பின்னால் சிக்கியிருந்த தூண்டில் நரம்பை அவர் விரலால் தடவிக் காட்டினார். தலைமுடி கனம்தான் இருக்கும். சுற்றிச் சுற்றி இறுகி, அங்கே எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது. "இந்த வழியா ஒரு நாளைக்கு நாலு பெரிய ஸ்பூன் கசியும். இது எல்லாப் படகுலயும் வர்றதுதான் மேடம். அதுக்காகத்தான் உள்ள ஒரு பாட்டில் வச்சு, அதுல இருந்து ஒரு குழாய் கீழ இறங்குது. டிரைவ்ல குறையக் குறைய பாட்டில்ல இருந்து தானா இறங்கும். பாட்டில் குறைஞ்சா அலாரம் கத்தும். நாம ஊத்திக்கணும், கசிவை அடைக்கணும். அவ்வளவுதான்."

"அலாரம் கத்தலையா?"

"கத்தலை. பாட்டில் நிறைஞ்சே இருந்திருக்கு." அவர் துணியை எடுத்துச் சுத்தமான கையையே துடைத்துக்கொண்டார். "அங்கதான் எனக்கு மூளை நின்னு போகுது. கசிஞ்சிருந்தா பாட்டில் குறைஞ்சிருக்கணுமே. குறையலைன்னா, ஆயில் முதல்ல இருந்தே கீழ இல்லைன்னுதானே ஆகுது?"

"நீங்க நிரப்பினீங்களா இல்லையா?"

"கீழ் ஓட்டை வழியா பம்பு பண்ணி, மேல் ஓட்டையில வழியற வரைக்கும் நிரப்புவேன். மேல இருந்து ஊத்தினா காத்து அடைச்சுக்கும். எப்பவும் அப்படித்தான். ஆனா இந்தப் படகுக்கு சர்வீஸ் பண்ணின அன்னைக்கு நிரப்பினது மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நூறு படகுக்கு நிரப்பினது எல்லாம் சேந்து ஒண்ணா வருது."

 ஒரு மனிதர் தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, தன்னையே நம்பாமல் நிற்பதைப் பார்த்தால் கொழுந்தனுக்கு ஜோக் எங்கிருந்து வரும்.

"அந்தப் பாட்டிலைப் பாக்கணும்," என்றார் அண்ணி.

"இன்ஜின் மூடியோட சாவி செயலாளர்கிட்ட இருக்கு. பாதுகாப்பு வாரத்துக்கு அப்புறம் நான் திறக்கக் கூடாதுன்னு ரூல்."

செயலாளரின் அறையில் மூன்று பக்கச் சுவர் கோப்புகள், நாலாவது பக்கம் அவர். மேஜையில் மூன்று நிறப் பேனாக்கள் உயர வரிசையில் படுத்திருந்தன. வந்தவர்கள் உட்காரும் முன்பே பார்வையாளர் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தை அண்ணி காலியாக விட்டுவிட்டார்.

"அதையும் நிரப்புங்க மேடம். எங்க ரெஜிஸ்டர்ல எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாது."

கொழுந்தன் பேனாவை வாங்கி 'காற்று வாங்க' என்று எழுதினான். செயலாளர் படித்தார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கட்டம் நிரம்பிவிட்டதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"மெக்கானிக் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை," என்று ஆரம்பித்தார். "ஆதாரம் பேசுது. தலைவரோட படகு தினமும் ஓடற படகு. பாட்டிலோட எண்ணெய் அளவை நானே தினமும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் படகு வந்ததும் ஒரு தடவை எழுதறேன். நீங்களே பாருங்க."

பச்சை அட்டை போட்ட ரெஜிஸ்டர் அது. பக்கம் பக்கமாக எண்கள். அவர் ஒரு தேதியில் ஸ்கேலை வைத்தார். "பாதுகாப்பு வாரத்துக்கு முன்னாடி பாருங்க. காலையில கோட்டுக்கு மூணு மில்லிமீட்டர் கீழ, சாயங்காலம் நாலு மேல. மறுநாள் ரெண்டு கீழ, மூணு மேல. ஒரு ஒழுங்கு இருக்கா? பாதுகாப்பு வாரத்துக்கு அப்புறம் பாருங்க. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நாப்பத்தோரு நாள், கோட்டுக்கு மேலயும் போகலை, கீழயும் வரலை. தலைவரே பாராட்டுப் பத்திரம் குடுத்தாரு." பத்திரம் அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

"எங்க வீட்டுல ஒரு எடை மெஷின் இருக்கு," என்றான் கொழுந்தன். "ஆறு மாசமா நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நானும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் பாத்தா பேட்டரி செத்துப் போச்சு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணி ரெஜிஸ்டரிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கி அவனையே பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். திட்டப் போகிறார், அல்லது அவன் தெரியாத்தனமாக ஏதோ நல்லது செய்துவிட்டான்.

"பாதுகாப்பு வாரத்துல என்ன செஞ்சீங்க?" என்று அவர் செயலாளரைக் கேட்டார்.

"பரிசோதனை. குழு போய் எல்லாப் படகையும் பாத்து, டேக் கட்டினோம். பதினோரு படகு." மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். சிவப்பு பிளாஸ்டிக் பட்டை. நுனியில் 'பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று அச்சு, அதன் கீழே 12 என்று எண். வாலை ஓட்டையில் விட்டு இழுத்தால் இறுகும், திரும்ப இளகாது.

"எங்க கட்டினீங்க?"

"இன்ஜின் அறைக்குள்ள." இந்த இடத்தில் செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டேக்கை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். "நேரமாச்சு. பாட்டிலைப் பாக்கணும்னா சீக்கிரம் வாங்க."

இன்ஜின் மூடியைத் திறந்தபோது பாட்டில் கோடு வரை தங்க நிறமாக நிறைந்திருந்தது. அதன் அடியிலிருந்து விரல் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் பின்பக்கம் இறங்கியது. அண்ணி டார்ச்சை அடித்துப் பார்த்தார். குழாய் முழுக்கத் தூசி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மோதிர அகலத்துக்குத் தூசி இல்லை. அந்த இடத்தில் குழாய் இடுப்பு ஒடுங்கி, தட்டையாகி இருந்தது.

"இந்தப் படகோட டேக் எங்க?"

"இதுக்குக் கட்டலை," என்றார் செயலாளர். "தலைவர் படகுக்கு விலக்கு உண்டு."

"பதினோரு படகுன்னு சொன்னீங்களே."

"பத்துன்னு சொல்ல வந்தேன்."

"பக்கத்துப் படகைத் திறந்து காட்டறீங்களா?"

"உரிமையாளர் எழுத்து மூலமா அனுமதி தரணும். நாலு மணிக்கு மேல பாக்கலாம்." மூடியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பட்டறை வாசலில் அண்ணி நின்று யோசித்தார். மணி மூன்று நாற்பது.

"டேக்கைக் கட்டிக் குழாயை நெரிச்சிருக்காங்க," என்றார். "எண்ணெய் சூடானா உப்பி பாட்டில்ல ஏறணும், ஆறினா இறங்கணும். டேக் கட்டின நாள்ல இருந்து அது மூச்சு விடவே இல்லை. பாட்டில் மேல நிறைஞ்சு நிக்குது, கீழ டிரைவ் சொட்டுச் சொட்டா காலியாகுது. அலாரமும் பாட்டிலைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, இந்தச் செயலாளரு மாதிரியே. படகு நின்னப்புறம் இவரு போய்ப் பாத்திருக்காரு, புரிஞ்சிருக்கு, டேக்கை அறுத்துட்டாரு. அறுத்தும் குழாய் ஒட்டிக்கிட்டே இருக்கு. ஆனா டேக் கையில இல்லாம கமிட்டி முன்னாடி பேசினா, எலி கடிச்சதும்பாரு."

கொழுந்தன் செயலாளரின் அறைக்கு ஓடினான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான், கையில் ஒன்றும் இல்லாமல்.

"அவரு அறைக் குப்பைத்தொட்டியைக் கவுத்துப் பாத்தேன் அண்ணி. குப்பையே இல்லை. பென்சில் சீவின தூள்கூட இல்லை. அந்த ஆளு எதையுமே தூக்கிப் போடறதில்லை போல."

அண்ணியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எதையுமே தூக்கிப் போடறதில்லை," என்று திருப்பிச் சொன்னார். "வா."

கமிட்டி அறையில் நீள மேஜை, தட்டில் பிஸ்கட், மேஜையைச் சுற்றி ஐந்து உறுப்பினர்கள். தலைமை நாற்காலியில் தலைவர், வெள்ளைக் காலணி, கப்பல் கேப்டன் தொப்பியோடு. அவர் பின்னால் சுவரில் பெரிய படம் ஒன்று. தலைவர் இன்ஜின் அறைக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். உறுப்பினர்களுக்கு மெக்கானிக்கைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் கடிதத்தை வாசித்து முடித்து, பேனாவை நீட்டினார்.

"அவரு கண்ணாடி காணோங்க," என்றார் மனைவி வாசலிலிருந்து. "தேடிக்கிட்டு இருக்கோம்."

இரக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். மெக்கானிக் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நல்ல மனிதரை மெக்கானிக்கின் மனைவி பார்த்த பார்வையில் பிஸ்கட் கருகியிருக்க வேண்டும்.

மெக்கானிக் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணி. "கையெழுத்து அப்புறம் ஆகட்டும். செயலாளரோட ரெஜிஸ்டர்ல ஒரு தப்பு இருக்கு. அதை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

செயலாளர் நிமிர்ந்தார். "தப்பா?"

"பத்து டேக் கட்டினதா சொன்னீங்க. உங்க இழுப்பறையில மிச்சம் இருக்கிறது பன்னிரண்டாம் நம்பர்ல ஆரம்பிக்குது. அப்போ பதினோரு டேக் வெளிய போயிருக்கு. ஒண்ணைத் தொலைச்சிட்டீங்க."

"எங்க ஆபீஸ்ல எதுவும் தொலையாது மேடம்."

"தொலைஞ்சிருக்கே. கணக்கு இடிக்குதே."

"விடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் இரக்கமாக. "மனுஷன்னா தொலைக்கிறதுதான். நம்ம அண்ணன்கூடப் போன வாரம் குடையைத் தொலைச்சாரு. அவரு என்ன கெட்டவரா? என்ன, கொஞ்சம் பொறுப்பு பத்தாது."

'பொறுப்பு' என்ற சொல் செயலாளரின் காதில் விழுந்ததும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இருபது வருடம் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாமல் எழுதிய கை அது. விருட்டென்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். 'அகற்றப்பட்ட டேக்குகள்' என்று ஒட்டிய கோப்போடு வந்தார். மேஜையில் படாரென்று விரித்தார்.

முதல் பக்கத்தில், நாலு மூலையிலும் ஒட்டுநாடா போட்டு, அறுபட்ட சிவப்புப் பட்டை ஒன்று அழகாக ஒட்டப்பட்டிருந்தது.

"தொலைஞ்சதாம்," என்றார் மூச்சு வாங்க. "பாருங்க. டேக் எண் ஒண்ணு. அகற்றிய தேதி ஞாயிற்றுக்கிழமை. நேரம் மாலை ஆறு நாற்பது. அகற்றியவர், செயலாளர். அகற்றிய காரணம்..."

அங்கே நின்றார். அவருடைய மூளை அப்போதுதான் அறைக்குள் வந்து சேர்ந்தது. கோப்பை மூடப் போனார். அண்ணி அதற்குள் ஒரு விரலைப் பக்கத்தின் மேல் வைத்துவிட்டார்.

"அகற்றிய காரணம்," என்று நிதானமாக வாசித்தார். "எண்ணெய்க் குழாயை நெரித்துக்கொண்டிருந்ததால்."

அறையில் ஒருவரும் பிஸ்கட்டைக்கூட மெல்லவில்லை. தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

"தெரிஞ்சே ஒரு மனுஷனைக் கையெழுத்துப் போடச் சொன்னியா? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருந்தா நான்கூட நம்பியிருப்பேனேய்யா. எந்த மடையன் இந்த டேக்கைக் கட்டினான்?"

 அண்ணி விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். "கட்டியவர், மாண்புமிகு தலைவர் அவர்கள், தம் திருக்கரத்தால்."

எல்லோரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். தலைவர் இன்ஜின் அறைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்பு டேக்கின் வால். பாட்டிலுக்கு அடியில் இருந்த குழாய் மேல் அதைப் போட்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டோக்காரர்தான் சார் இன்னும் கொஞ்சம் இறுக்கமான்னு சொன்னாரு," என்றார் செயலாளர் ஈனமான குரலில். "உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான்..."

தலைவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "இது ஒரு தொழில்நுட்பக் கோளாறு," என்று அறிவித்தார். மெக்கானிக் செய்தபோது சதியாக இருந்தது, தலைவர் செய்ததும் கோளாறாகிவிட்டது. ஐந்து உறுப்பினர்களும் ஆமாம் கோளாறுதான் என்று தலையாட்டினார்கள்.

"லெட்டர் ரெடியா இருக்கு சார்," என்றான் கொழுந்தன். "'மறந்துவிட்டேன்'ங்கறதை 'இறுக்கிவிட்டேன்'னு மாத்தினாப் போதும்."

மெக்கானிக் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. இரவல் கண்ணாடியை மேஜையில் வைத்தார், செயலாளரின் முன்னால் கையை நீட்டினார். செயலாளர் சாவியைக் கொடுத்தார். மெக்கானிக் பட்டறைக்கு நடக்க, எல்லோரும் பின்னாலேயே போனார்கள். வழியில் மனைவி கைப்பையைத் திறந்து அவருடைய கண்ணாடியை நீட்டினார். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.

மூடியைத் திறந்து, தட்டையான இடத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உருட்டினார். பாட்டிலின் அடியிலிருந்து ஒரு குமிழ் கிளம்பி மேலே வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கடகடவென்று குமிழ்கள் வர, நாற்பத்தொரு நாள் அசையாத எண்ணெய் எல்லோர் கண் முன்னாலும் கோட்டை விட்டு இறங்கியது. அலாரத்துக்கு மின்சாரம் வர, அவர் படகின் சாவியைப் போட்டுத் திருப்பினார். சில நொடிகளில் அலாரம் கத்த ஆரம்பித்தது.

உறுப்பினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மெக்கானிக் அணைக்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அணைத்துவிட்டு அண்ணியிடம் வந்தார். முகம் தெளியவில்லை.

"குழாய் அடைச்சது புரியுது மேடம். ஆனா நான் அன்னைக்கு நிரப்பினேனா இல்லையாங்கறது இதுல வரலையே. நிரப்பாமலே விட்டிருந்தாலும் இதேதானே நடந்திருக்கும்?"

எல்லோரும் விட்டுவிட்ட கேள்வியை அவர் விடவில்லை. இந்த மனிதரைப் போய் மறதிக்காரர் என்றார்களே என்று கொழுந்தனுக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணி பச்சை ரெஜிஸ்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "நீங்க சர்வீஸ் பண்ணினது எப்போ?"

"பாதுகாப்பு வாரத்துக்கு நாலு நாள் முன்னாடி."

"அந்த நாலு நாள் இங்க இருக்கு, பாருங்க. குழாய் திறந்து இருந்த நாலு நாள். நீங்க நிரப்பாம விட்டிருந்தா முதல் நாளே இந்தப் பாட்டில் இப்போ இறங்கின மாதிரி கீழ இறங்கியிருக்கும், அலாரம் அன்னைக்கே கத்தியிருக்கும். ஆனா காலையில மூணு கீழ, சாயங்காலம் நாலு மேல. மறுநாள் ரெண்டு கீழ, மூணு மேல. கீழ நிறைஞ்சு இருந்தாத்தான் இப்படி ஏறி இறங்கும். நீங்க நிரப்பியிருக்கீங்க. செயலாளரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

மெக்கானிக் அந்த எட்டு எண்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதை உறுப்பினர்கள் நாகரிகமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

"சரி, சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சது," என்றார் தலைவர். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள படகு ரெடி ஆயிடுமில்ல?"

மெக்கானிக் திரும்பினார். "ஆகாது சார். பல்சக்கரம் வரணும், மூணு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி வேற வேலை இருக்கு. இன்னும் பத்து படகுல பத்து டேக் இருக்கு. இப்பவே அறுக்கணும். அது வரைக்கும் ஒரு படகும் தண்ணியில இறங்கக் கூடாது."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு உறுப்பினர்கள் சவாரி இருக்கே..."

"இல்லை சார். இன்னைக்கு இல்லை."

செயலாளர் ஒரு அடி முன்னால் வந்தார். "டேக்கை அகற்றணும்னா விதிப்படி முதல்ல கமிட்டி தீர்மானம்..."

"மத்த பத்து சாவியையும் குடுங்க," என்றார் மெக்கானிக். குரல் உயரவில்லை. "இனிமே நான் மூடினதை நான்தான் திறப்பேன். நான் நிரப்பினேன்னு சொன்னா நிரப்பினதுதான்."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் ஐந்து மணிக்குத் தாங்கள் ஏறவிருந்த படகுகளைப் பார்த்தார்கள். "சாவியைக் குடுத்துத் தொலைய்யா," என்றார் ஒருவர்.

மெக்கானிக் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு முதல் படகை நோக்கி நடந்தார். மூடியைத் திறந்து, அறுத்து, மூடிப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்க்காமல் அடுத்த படகுக்குப் போனார்.

அவர் மனைவி கொழுந்தனின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "பாத்தீங்களா," என்றார். "இழுத்துப் பாக்கலை." சொல்லிவிட்டு அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், அழ ஆரம்பித்தார்.